பொட்டுக்குக் கீழே கசிந்த நீர்

காரின் முகப்பில் இருந்த பித்தளை மூடியைச் சுற்றி ஆவி எழுந்தது. முதலில் மூச்சைப் போல மெலிந்து வந்தது. பிறகு உலைப்பானையின் மூடியைத் தள்ளுவதுபோலக் குமுறியது. அண்ணன் வண்டியைச் சாலையோரப் புளியமரத்தின் நிழலில் ஒதுக்கி நிறுத்தினார். இயந்திரம் அடங்கியதும் பின்னிருக்கையிலிருந்து மதினியின் முனகல் கேட்டது. அதுவரை இரைச்சல் அதனை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

மாசி மாதம் முடியும் தறுவாய். வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற இடம் நாகமலைக்கு மேற்கே; சாலையின் இரு புறமும் அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயல்கள். மலையின் இடைவெளியைக் கடந்து கிழக்கே போனால் மதுரை. மதுரையில் ஆஸ்பத்திரி.

மதினி வடிவுக்கு அது தலைப்பிரசவம். வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் செக்கானூரணிக்கு அப்பால் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தார். முந்தின நாள் கண்ட வலி இரவெல்லாம் நீடித்தும் குழந்தை இறங்கவில்லை. ஊர் மருத்துவச்சி விடியற்காலையில் கையை விரித்துவிட்டாள். சைக்கிளில் ஆள் வந்து சொன்னதும் அண்ணன் காரை எடுத்தார். நானும் உடன் சென்றேன். மதினியைப் பின்னிருக்கையில் கிடத்தி, அவருடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில்தான் இப்படி நின்றோம்.

"என்ன மாப்ள, நின்னுருச்சு?" என்றார் அந்த அம்மையார். நானும் அவரை அத்தை என்றே அழைப்பேன்.

"சூடு ஏறிருச்சு அத்தை. தண்ணி ஊத்துனாச் சரியாப் போகும்."

"கெளம்பும்போதுதானே ஒரு கொடம் ஊத்துனீங்க? அம்புட்டும் எங்க போச்சு?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

காளைகளுக்குப் பின் வந்த கார்

எங்கள் தந்தையார் பார வண்டி ஓட்டியவர். அவர் காலமான பின் அண்ணன் காளைகளை விற்றுவிட்டு இந்தக் காரை வாங்கினார். பலர் கை மாறி வந்த அமெரிக்க வண்டி அது. மேலே கித்தான் கூரை. பக்கங்களில் கதவு உண்டு, கண்ணாடி இல்லை. கோரிப்பாளையம் சந்தியில் வாடகைக்கு நிறுத்துவார். தர்காவுக்கு வரும் குடும்பங்களும் கல்யாண வீட்டாரும் ஏறுவார்கள்.

உலகப் போர் தொடங்கியபின் பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்டது. பலர் வண்டியின் பின்புறத்தில் கரியடுப்பு ஒன்றைப் பொருத்தி, கரிப்புகையால் ஓட்டினார்கள். அண்ணன் அதற்கு இணங்கவில்லை. "கரியத் தின்னா இஞ்சினு செத்துப்போகும்டா," என்பார். வண்டி பாதி நாள் சும்மா நிற்கும்.

மதினி தாய்வீட்டுக்குப் போன நாள் முதல், கிடைத்த பெட்ரோலில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தகரத்தில் சேர்த்து வைக்கத் தொடங்கினார். நல்ல சவாரி வந்தபோதும் அந்தத் தகரத்தைத் தொடவில்லை. "அது வடிவுக்கு," என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். வேண்டிய நாளில் பெட்ரோல் இருந்தது. இல்லாமற்போனது தண்ணீர்.

பொங்கலுக்கு இட்ட பொட்டு

இங்கே சற்று விலகிச் சென்று ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பில் வண்ணம் பூசி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இடுவோம். எங்கள் வீட்டில் மாடு இல்லாமற்போன பின் அந்தச் சிறப்பெல்லாம் காருக்குச் சேர்ந்தது. முகப்பில் உள்ள நீர்த்தொட்டியைத்தான் நாங்கள் அதன் நெற்றியாகக் கொண்டோம். இயந்திரத்தின் சூட்டை வாங்கிவரும் நீர் அதனுள் இருக்கும் மெல்லிய குழாய்களின் வழியே இறங்கி, காற்றுப்பட்டுக் குளிர்ந்து, மறுபடியும் உள்ளே போகும். அண்ணன் அதனை ரேடியேட்டர் என்பார். அதற்குத்தான் சந்தனம்.

அந்த ஆண்டு சந்தனத்தை மதினியே அரைத்தார். வயிறு முன்தள்ளியிருந்த நிலையில் சந்தனக்கல்லின் பக்கத்தில் கால்களை நீட்டி அமர்ந்து, வேறு யாரையும் கல்லைத் தொட விடாமல் அரைத்தது நினைவிருக்கிறது.

பூசையில் இட்ட பொட்டை எங்களவர் அழிப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் அது தானாக உதிர வேண்டும். அழித்தால் வீட்டுக்கு ஆகாது. வண்டியைக் கழுவும்போது அண்ணன் ஈரத்துணியைப் பொட்டுகளின் ஓரமாக வளைத்து வளைத்துக் கொண்டுபோவார். அவற்றின் மீது ஒரு துளி நீரும் தெறிக்க விடமாட்டார்.

எங்கள் வீட்டுக் கிணற்று நீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைகையின் வடகரையில் எங்கள் பகுதியெங்கும் கிணறுகள் உப்புக் கரித்தன. செப்புப் பானையின் வெளிப்புறத்தில் ஈரம் உலர்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். மதினி வாரந்தோறும் புளி வைத்துத் தேய்ப்பார். காருக்கும் அதே நீர்தான்.

கமலைக் கிணறு

அண்ணன் அவசரத்தில் மூடியைத் திறக்கப்போய் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டார். கையை உதறிவிட்டு, தகரக் குவளையை என்னிடம் நீட்டினார்.

சற்றுத் தொலைவில் ஒரு கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலை ஓடிக்கொண்டிருந்தது. வயலைக் குறுக்காகக் கடந்து சென்று, காருக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றேன். மாடு ஓட்டிக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காருக்கா? ஏன்யா, என் மாடே அரை வயித்துக்குத்தான் குடிக்குது. ஒங்க காருக்கு என்ன, தாகமா?"

"உள்ளே மதினி இருக்காக. பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அட, புள்ளத்தாச்சி இருக்கான்னு மொதல்ல சொல்றதில்லையா? காரு காருன்னுல சொல்றே!" என்று என்னைக் கடிந்துகொண்டே, மேலே வந்த சால் நீரைத் தம் குடத்தில் பிடித்து, அந்தக் குடத்தையே என் தோளில் ஏற்றிவிட்டார். "கொடத்தத் திருப்பித் தரலேன்னாலும் போகுது. ஓடு!"

குடத்தோடு திரும்பி வந்தபோது அத்தையின் பொறுமை எல்லை கடந்திருந்தது.

"ஊத்துங்களேன் மாப்ள! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்குறீங்க?"

"இம்புட்டுச் சூட்டுல பச்சத்தண்ணி ஊத்துனா இரும்பு வெடிச்சுரும் அத்தை. கொஞ்சம் ஆறட்டும்."

"வண்டி மாடு பூட்டுவோம்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். காருதான் சீக்கிரம் போகும்னீங்க. மாடு இந்நேரம் மலையத் தாண்டியிருக்கும்."

அண்ணன் மூடியின் சூட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். உண்மையில் மாட்டுவண்டி அந்நேரம் மலையைத் தாண்டியிருக்காது. அதைச் சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்று அவர் எண்ணியிருக்கலாம். காலையில் ஒரு பஸ் போய்விட்டது, அடுத்தது மாலையில்தான்.

ஆறியபின் ஊற்றினோம். குடம் முழுவதும் உள்ளே போயிற்று. வண்டி கிளம்பி, கூப்பிடு தூரம் போவதற்குள் மறுபடியும் பித்தளை மூடி குமுறியது.

எங்கும் ஈரம் இல்லை

இம்முறை மதினியை இறக்கி, வண்டிக்கு முன்னால் வேலிக்கருகே இருந்த இன்னொரு மரத்தடியில் பாயை விரித்துப் படுக்க வைத்தோம். வண்டியின் வெப்பத்தில் அவரை வைத்திருக்க முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்து, மரத்தின் வேரை ஒரு கையால் பற்றிக்கொண்டார். வலி வரும்போதெல்லாம் அந்தக் கையின் வளையல்கள் ஒன்றோடொன்று உரசி ஒலித்தன.

அண்ணன் இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மேலே போகும் ரப்பர்க் குழாயை அழுத்தினார், உலர்ந்திருந்தது. கீழே வரும் குழாயின் பூட்டைத் திருகிப் பார்த்தார். அதுவும் இறுக்கமாகவே இருந்தது. நீரைச் சுழற்றிவிடும் பம்பின் அச்சைச் சுற்றி விரலால் தடவி முகர்ந்தார். மசகு இருந்தது, நீர் இல்லை. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி வெயிலில் பிடித்தார்.

"தண்ணி உள்ளாற எறங்குனா எண்ணெ மோராட்டம் வெளுத்திருக்கும். இது கறுப்பாத்தான் இருக்கு," என்றார். அவருடைய குரலில் நிம்மதி இருந்தது. ஆனால் அந்த நிம்மதியால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் சொட்டவில்லை என்றால் ஒரு குடம் நீர் எங்கே போயிற்று?

தரையில் மண்டியிட்டு வண்டியின் அடியை நானும் பார்த்தேன். புழுதி உலர்ந்து கிடந்தது.

மதினி ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையே கண் திறந்து எங்களைப் பார்த்தார். பிறகு தம் தாயாரிடம் சொன்னார்: "ஆத்தா, எனக்கு முன்னால ஒன் மாப்ள காருக்குத் தண்ணிக்கொடம் ஒடஞ்சுருச்சு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தார். மதினியின் சிரிப்புப் பாதியிலேயே வேறொன்றாக மாறியது.

"அது நான் வச்சதில்ல"

நான் இன்னொரு குடம் நீர் கொண்டுவர, ஆறியபின் அதை ஊற்றி, அண்ணன் இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு முகப்புக்கு வந்து நின்றார். ஓடும்போதாவது எங்கேனும் கசிவு தெரியுமா என்று பார்த்தார். நின்றவாறு பார்த்த அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. படுத்திருந்த மதினிக்கோ நீர்த்தொட்டியின் அடிப்பகுதி கண்ணுக்கு நேராக இருந்தது.

"ஏங்க, அந்தக் கீழ் மூலையில வெள்ளையா இருக்கே, அது என்னது?"

அண்ணன் குனிந்து பார்த்தார். "ஒன் சந்தனந்தான் வடிவு. பொங்கலுக்கு நீ வச்சது."

"நான் நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ரெண்டு வச்சேன். குனிய முடியலேன்னு கீழ வைக்கவே இல்ல. அது நான் வச்சதில்ல."

"வழிஞ்சிருக்கும்."

"என் சந்தனம் வழியுற பதத்துலயா இருந்துச்சு? அரைச்சவளுக்குத் தெரியாதா? அது நம்ம பானையில பூக்குற உப்புங்க. சுரண்டிப் பாருங்க."

அண்ணன் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அத்தை பதறி எழுந்துவிட்டார்.

"வேணாம் மாப்ள! சாமிக்கு வச்சது. வயித்துப் புள்ளையோட கெடக்குறா, இந்த நேரத்துல போயிப் பொட்ட அழிக்காதீங்க. நல்லதுக்கில்ல."

அண்ணன் எத்தகைய துணிவுடையவர் என்பதை நான் அறிவேன். ஆனால் அன்று அந்த வெள்ளைத் திட்டின் முன் அவர் கையை இழுத்துக்கொண்டதைக் கண்டேன். அது உப்பாக இருந்தால் கசிவு அகப்படும். சந்தனமாக இருந்தால், மனைவி பிரசவ வலியில் கிடக்கும் வேளையில் மங்கலப் பொட்டைத் தம் கையால் அழித்தவர் ஆவார். அவர் என் பக்கம் திரும்பினார். நான் ஏதும் சொல்லுமுன் மதினி எழுந்து உட்கார முயன்றார்.

"நீங்க சுரண்டலேன்னா நான் எந்திரிச்சு வாரேன்."

அண்ணன் திருப்புளியின் முனையால் சுரண்டினார். சந்தனத்தைப் போல அது பொடியாக உதிரவில்லை. ஓடு போலப் பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே, தொட்டியின் இரு தகடுகளை ஈயம் வைத்துச் சேர்த்த பற்றில் நகக்கீறல் அளவு ஒரு பிளவு. பெயர்ந்த மறுகணமே அங்கே ஒரு முத்துப் போல நீர் திரண்டது. சுடு தகட்டில் அது வழியவும் நேரமின்றி ஆவியாகி மறைந்தது. மீண்டும் திரண்டது, மீண்டும் மறைந்தது. தரையில் ஒரு துளியும் விழாமல் ஒரு குடம் நீர் போன வழி அதுதான்.

வண்டி நிற்கும்போது பிளவு மூடிக்கொண்டது; ஓடிச் சூடேறியதும் திறந்துகொண்டது. எத்தனை நாள்களாக அது கசிந்து, உலர்ந்து, உப்பாகப் படிந்ததோ! வாரந்தோறும் வண்டியைக் கழுவிய அண்ணன் அந்த இடத்தையும் பொட்டென்றே எண்ணிப் பயபக்தியுடன் விலக்கியே கழுவி வந்தார்.

குழந்தைக்கு வைத்த மஞ்சள்

பட்டறையில் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். எங்களிடம் இருந்தது அத்தையின் துணி மூட்டை ஒன்றே. ஆஸ்பத்திரிக்கென்று அவர் கட்டி எடுத்துவந்தது அது.

"சுண்ணாம்பு இருக்கா அத்தை?"

அத்தை இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார். மூட்டையில் பிரசவ மருந்துக்காக வைத்த கருப்பட்டி இருந்தது. அண்ணன் அதைக் கல்லில் நசுக்கிச் சுண்ணாம்போடு சேர்த்துப் பிசைந்தார். பிசைந்த கலவை முதலில் சூடாகி, பின்பு இறுகத் தொடங்கியது. குழந்தையைச் சுற்றுவதற்கென்று துவைத்து மடித்திருந்த பழைய வேட்டியிலிருந்து ஒரு கிழிசலை எடுத்து நூல் நூலாகப் பிரித்து, அந்தக் கலவையில் தோய்த்து, பிளவில் வைத்து அழுத்தினார். சுட்ட உள்ளங்கையால்தான் அழுத்தினார்.

"மஞ்சப்பொடி இருக்குமே, குடுங்க. தண்ணியில கரைச்சு உள்ள ஊத்துனா, ஓட்டையத் தேடிப் போயி அடைக்கும்னு லாரிக்காரங்க சொல்லுவாங்க."

"அது புள்ளையக் குளிப்பாட்ட இடிச்ச மஞ்சள் மாப்ள."

"புள்ள வரட்டும்னுதான் அத்தை கேக்குறேன்."

அத்தை பொட்டலத்தைக் கொடுத்தார். நான் மறுபடியும் ஓடிக் கொண்டுவந்த குடத்து நீரில் அண்ணன் ஒரு பிடி மட்டும் எடுத்துக் கரைத்தார். மிகுந்தால் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும் என்றார்.

பிறகு காத்திருந்தோம். கலவை இறுகும் வரை இயந்திரத்தை ஓட்டக்கூடாது. அன்றைய பொழுதில் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது அந்தக் காத்திருப்பே. செய்வதற்கு ஏதேனும் இருந்தவரை நாங்கள் மனிதர்களாக நடமாடினோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது மதினியின் வளையல் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம். அண்ணன் நொடிக்கொருமுறை விரல் நுனியால் அந்தப் பற்றைத் தொட்டுப் பார்த்தார். மதினி இப்போது வேரை விட்டுவிட்டு அந்தக் கையை வயிற்றின் மேல் வைத்திருந்தார்.

கடைசியில் வண்டி கிளம்பியது. நாகமலையின் இடைவெளியில் ஏறும்போது நான் வெளியே எட்டி முகப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆவி எழவில்லை. பற்று பிடித்து நின்றது. ஆரப்பாளையத்து நெரிசலில் வண்டி ஊர்ந்தபோதும் அது விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் பார்த்தபோது அந்த மூலை காய்ந்தே இருந்தது.

டாக்டரம்மாவின் கேள்வி

குழந்தை ஆண். அது அழவில்லை.

மதினி பிழைத்தார். அதற்கே இரண்டு டாக்டர்கள் மாலைவரை உள்ளே நின்றார்கள் என்று பின்னர் அறிந்தோம். எங்களை உள்ளே விட்டபோது அவர் முகம் வெளுத்து, உதடுகள் வெடித்து, விழிகள் மட்டும் தெளிவாக இருந்தன.

அண்ணன் மனைவியைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவையே பார்த்தார். "அம்மா, வழியில காரு நின்னுபோச்சு. ரொம்ப நேரம் நின்னோம். அது இல்லாம நேரா வந்திருந்தா..."

டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில், கடுமையும் கனிவும் இல்லாத குரலில் பேசினார். "அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? வயிற்றில் அசைவு எப்போது நின்றது என்று தெரிந்தால் சொல்லலாம். அது தாய்க்குத்தான் தெரியும்."

எல்லோரும் மதினியைப் பார்த்தோம்.

"வீட்டுலயே நின்னுருச்சு," என்றார் மதினி. "கார்ல ஏறுறதுக்கு முன்னாலயே. சொன்னா எல்லாரும் பயந்துருவீகன்னு சொல்லல."

அண்ணன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் அமர்ந்தார். அப்போதுதான் அழுதார். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் ஒன்று புரண்டு விழுந்தது போன்ற அழுகை அது. டாக்டரம்மா மதினியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டு வெளியேறினார்.

இருட்டுமுன் குழந்தையை ஆற்றங்கரையில் அடக்கம் செய்தோம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் அதையே சொன்னார்: "வீட்டுலயே நின்னுபோச்சாம். கார்ல ஏறுறதுக்கு முன்னாலயே." அந்தச் சொற்களைப் பற்றிக்கொண்டுதான் அன்றிரவு அவர் ஒரு கவளம் சோறு உண்டார்.

மறுநாள் காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். அத்தை குளிக்கச் சென்றிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. மதினி அந்தப் பக்கம் திரும்பாமல் படுத்திருந்தார்.

"ஒங்க அண்ணன் சாப்புட்டாரா தம்பி?"

"சாப்புட்டாரு மதினி."

"தூங்குனாரா?"

"கொஞ்சம் தூங்குனாரு."

கஞ்சிக் குவளையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நான் சொன்னத நம்பிட்டாரா?"

எதனை என்று நான் கேட்கவில்லை. அந்தக் குழந்தை எந்த இடம் வரையில் எங்களோடு உயிருடன் வந்தது என்பதையும் கேட்கவில்லை.

"நம்பிட்டாரு மதினி."

"அப்பச் சரி," என்று சொல்லி, கையை நீட்டிக் கஞ்சியை வாங்கிக்கொண்டார்.